செங்கல்லும் சிற்பமாகுமா?



சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் என்ன தோன்றும்? மாமல்லபுரத்துப் பாறையில் நிற்கும் யானைகள் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயிலின் நந்தி தோன்றும். ஒரு காலைத் தூக்கி ஆடும் நடராசர் தோன்றுவார். முகம் வேண்டும், கை கால் வேண்டும், அணிமணி வேண்டும், சொல்வதற்கு ஒரு கதையும் வேண்டும். இவையெல்லாம் இருந்தால்தான் சிற்பம் என்பது நாம் வழிவழியாகப் பழகிய எண்ணம்.

இன்று நாம் பேசப்போவது இவற்றில் ஒன்றுமே இல்லாத சிற்பத்தைப் பற்றி. செங்கல், தகரம், அலுமினியத் தகடு, குழல் விளக்கு, மரச்சட்டம் ஆகிய பொருள்களை வாங்கி, வரிசையாக வைத்துவிட்டு, “இதுவே சிற்பம்” என்று சொன்ன கலைஞர்கள் சிலர் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் பரவிய இந்தக் கலைக்கு மினிமலிசம் என்று பெயர். தேவைக்கு மேற்பட்ட அனைத்தையும் நீக்கிவிடுவதால், மிகைநீக்கிய கலை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

“இது படித்தவர்களும் பணக்காரர்களும் பேசுகின்ற பேச்சாயிற்றே! பால்மரத் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் உழைத்த குடும்பங்களுக்கு இது எதற்கு?” என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தச் சிற்பங்கள் எந்தப் பொருள்களால் ஆனவையோ, அந்தப் பொருள்களை நாள்தோறும் தொட்டு, தூக்கி, அடுக்கி, வேலை செய்தவர்கள் நாம். செங்கல்லின் கனம் நம் தோளுக்குத் தெரியும். தகரக் கூரையின் கீழ் உச்சி வெயில் எப்படிச் சுடும் என்பதும், மழை பெய்தால் என்ன ஓசை கேட்கும் என்பதும் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே இந்தச் சிற்பங்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல நமக்கும் உரிமை உண்டு.

முதலில் செங்காங்குக்குப் போவோம். சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புதுநகரம் அது. செழிப்பான துறைமுகம் என்பது அந்தச் சீனப் பெயரின் பொருள். இன்று அங்கே கால் வைத்தால் அடுக்குமாடி வீடுகளே கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஆற்றங்கரையில் காங்கார் என்ற மீனவர் கிராமம் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் புதுநகரத்தில் மக்கள் குடியேறத் தொடங்கினர். 2003-ஆம் ஆண்டில் இலகு ரயிலின் கிழக்கு வளையமும், 2005-ஆம் ஆண்டில் மேற்கு வளையமும் ஓடத் தொடங்கின. மேற்கு வளையத்தில் ஒரு நிலையத்தின் பெயர் தங்கம்! நம் காதுக்கு அது வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலவே கேட்கிறது.

அந்த இலகு ரயில் தரையில் ஓடுவதில்லை. உயரமான கான்கிரீட் தூண்களின்மேல் போடப்பட்ட பாதையில் ஓடுகிறது. அந்தத் தடத்தின் அடியில் செங்காங் சிற்பப் பூங்கா என்று ஒரு பூங்கா அமைந்திருக்கிறது. கடலையும் கடல்வாழ் உயிர்களையும் நினைவூட்டும் சிற்பங்கள் அங்கே உள்ளன. பிள்ளைகள் பார்த்தவுடன், “அதோ மீன்!” என்று மகிழ்ந்து கூவுவார்கள். அது ஒரு வகைச் சிற்பம். பார்த்ததும் பெயர் சொல்லிவிடலாம்.

இனி அதே இடத்தில் நின்று, கண்ணைச் சற்றே உயர்த்தித் தூண்களைப் பாருங்கள். ஒரே நிறம். ஒரே வடிவம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கின்றன. நாம் நடக்க நடக்க, தூரத்துத் தூண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மறைகின்றன. பிறகு பிரிந்து வெளிப்படுகின்றன. காலையில் நிழல் ஒரு பக்கம் சாய்கிறது. மாலையில் மறுபக்கம் சாய்கிறது. இதை நாம் சிற்பம் என்று சொல்வதில்லை. தூண் ரயிலைத் தாங்க நிற்கிறது. நம் பார்வைக்காக நிற்கவில்லை. ஆனால் தாங்கவேண்டிய சுமை எதுவும் இல்லாமல், நாம் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இப்படிச் சில பொருள்களை ஒருவர் வரிசையாக நிறுத்தினால்? நம் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் கார்ல் ஆண்ட்ரே என்று ஒரு சிற்பி இருந்தார். 1935-ஆம் ஆண்டில் பிறந்து 2024-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் 1960 முதல் 1964 வரை பென்சில்வேனியா ரயில்வேயில் சரக்கு ரயில் தொழிலாளியாக வேலை செய்தவர். சரக்குப் பெட்டிகளைக் கோப்பதும், கழற்றுவதும், பிரேக் பார்ப்பதும் அவருடைய வேலை. ஒரே மாதிரியான பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் காட்சி அவர் கண்ணில் பதிந்திருந்தது. பின்னாளில் அவர் செய்த சிற்பங்களைப் பார்க்கும்போது, அந்தத் தண்டவாளத்து அனுபவம் நமக்கு நினைவுக்கு வராமல் போகாது.

1966-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் டிபோர் டி நாகி கலைக்கூடத்தில் அவர் செங்கற்களைத் தரையில் அடுக்கி வைத்தார். எட்டுக் குவியல்கள். ஒவ்வொரு குவியலிலும் 120 செங்கற்கள். இரண்டு அடுக்கு, ஓர் அடுக்குக்கு 60 செங்கற்கள். சிமெண்டு பூசவில்லை, சாயம் அடிக்கவில்லை, மேடை போட்டு உயர்த்தவும் இல்லை. வெறும் தரை, அதன்மேல் வெறும் செங்கல், அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 60 செங்கற்களைச் செவ்வகமாக அடுக்க வேண்டுமானால் எத்தனை வழி உண்டு? மூன்று வரிசையாக இருபது இருபது வைக்கலாம். நான்கு வரிசையாகப் பதினைந்து வைக்கலாம். ஐந்து வரிசையாகப் பன்னிரண்டு வைக்கலாம். ஆறு வரிசையாகப் பத்து வைக்கலாம். ஆண்ட்ரே எடுத்துக்கொண்டவை இந்த நான்கு. செங்கல்லை நீளவாக்கில் வைத்தால் ஒரு வடிவம், குறுக்குவாக்கில் வைத்தால் வேறு வடிவம். ஆக நான்கு எட்டாயிற்று. ஒன்று ஒல்லியாய் நீண்டு கிடக்கும்; மற்றொன்று அகலமாய்ப் பாய்போல் கிடக்கும். ஆனால் எட்டிலும் செங்கல்லின் எண்ணிக்கை ஒன்று, உயரம் ஒன்று, எடையும் ஒன்று. எட்டும் சமம். சமமானது என்று பொருள்படும் ‘ஈக்விவலெண்ட்’ என்ற பெயரையே அவர் அவற்றுக்குச் சூட்டினார். உருவத்தில் வேறாகத் தோன்றுகின்றவை அளவில் சமமாக இருக்க முடியும் என்பதை எட்டுக் குவியல் செங்கல் வாய் திறவாமல் சொல்லிவிட்டது!

அந்தக் கண்காட்சியில் அவை விலைபோகவில்லை. ஆண்ட்ரே செங்கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் செய்ய நினைத்தபோது, பழைய செங்கல் சூளை மூடப்பட்டிருந்தது. ஆகவே உலைகளுக்குள் கட்டுகிற, வெளிறிய நிறமுள்ள தீச்செங்கற்களை வாங்கினார். அவற்றால் அமைந்த எட்டாவது குவியலை லண்டன் நகரின் டேட் கலைக்கூடம் 1972-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 229 சென்டிமீட்டர். அகலம் 69 சென்டிமீட்டர். உயரம் 13 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் முழங்காலுக்குக்கூட எட்டாது.

நான்கு ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு லண்டன் பத்திரிகை இதைப் பற்றி எழுதியது. உடனே நாடெங்கும் பெரிய கூச்சல் கிளம்பியது. “மக்கள் கொடுத்த வரிப்பணத்தைச் செங்கல் குவியலில் கொட்டுவதா?” என்று கேட்டார்கள். கேலிப்படங்கள் வந்தன. ஒருவர் அதன்மேல் நீலச் சாயத்தை ஊற்றிவிட்டார். பிறகு கழுவிச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கலைக்கூடம் கொடுத்த விலை 2,297 பவுன் என்று பின்னர் தெரியவந்தது.

நேயர்களே, அந்த மக்களின் கோபத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. உழைத்துக் கொடுத்த காசு எங்கே போகிறது என்று கேட்பது குடிமக்களின் கடமை. ஒரு கொத்தனார் நாள் முழுவதும் ஆயிரம் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினால் அவருக்குக் கூலி கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. இன்னொருவர் 120 செங்கல்லை அடுக்கினால் அவருக்குப் பெயரும் கிடைக்கிறது, பெரும் பணமும் கிடைக்கிறது. இது எப்படி? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம். விடை எளிதில் அகப்படாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இந்தக் கலைஞர்கள் எதற்காக இப்படிச் செய்தார்கள்? அவர்களுடைய எண்ணத்தை நான்கு கருத்துகளில் சுருக்கிச் சொல்லலாம்.

முதலாவது, பொருள் பொருளாகவே இருக்கட்டும் என்பது. கல்லைக் குதிரையாக்குவதும் வெண்கலத்தை மனிதனாக்குவதும் பழைய கலை. செங்கல்லைச் செங்கல்லாகவே காட்டுவது இந்தக் கலை. இரண்டாவது, ஒழுங்கு வெளிப்படையாக இருக்கட்டும் என்பது. ஒரே அளவுள்ள துண்டுகளை எண்ணி வைத்தால், எப்படிச் செய்தார்கள் என்பது பார்ப்பவருக்கு உடனே விளங்கிவிடும். மறைவு எதுவும் இல்லை. மூன்றாவது, மேடை வேண்டாம் என்பது. நாம் நிற்கும் அதே தரையில் சிற்பமும் இருக்கும். அண்ணாந்து பார்க்கவேண்டிய தேவை இல்லை. நான்காவது, பார்ப்பவர் நடக்க வேண்டும் என்பது. ஓரிடத்தில் நின்று பார்த்தால் இதில் சுவை இல்லை. சுற்றி வரும்போதுதான் நீளம் குறுகுவதும், விளிம்பு ஒளிர்வதும், நிழல் மாறுவதும் தெரியும்.

இவர்களில் டொனால்ட் ஜட் என்பவர் பெட்டிகளைச் செய்தார். கூரைத் தகரம் போலத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டாலும் ஒட்டுப்பலகையாலும் ஆன பெட்டிகள். அவற்றை அவர் தம் கையால் செய்யவில்லை. அளவு குறித்து வரைபடம் கொடுப்பார். நியூயார்க்கில் பெர்ன்ஸ்டைன் சகோதரர்களின் தகரப் பட்டறையில் தொழிலாளர்கள் வெட்டி, மடித்து, இணைத்துத் தருவார்கள். பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஃபா என்ற சிற்றூரில், ராணுவம் பீரங்கிகளை வைத்திருந்த பழைய கொட்டகைகள் இரண்டில், 100 அலுமினியப் பெட்டிகளை அவர் அமைத்தார். 1982-ஆம் ஆண்டிலிருந்து 1986 வரை அந்த வேலை நடந்தது. வெளியளவு நூறுக்கும் ஒன்றே. உள்ளே தடுப்புகள் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. டான் ஃபிளாவின் என்ற மற்றொருவர், கடையில் விற்கும் குழல் விளக்குகளையே சிற்பமாக்கினார். 1963-ஆம் ஆண்டில் ஒரே ஒரு குழல் விளக்கைச் சுவரில் சாய்வாகப் பொருத்தித் தொடங்கினார். அவர் வைத்தது விளக்கை மட்டுமே. சுவரிலும் தரையிலும் பரவிய ஒளியும் சிற்பத்தின் பகுதியாயிற்று.

இவையெல்லாம் நமக்குப் புதிய செய்திகள்தாமா? நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ரப்பர் மரங்களை மனம்போன இடத்தில் நடுவதில்லை. கயிறு பிடித்து, முளை அடித்து, சம இடைவெளியில் நடுகிறார்கள். விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்கள் நிரை நிரையாகவே நடக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரே சாய்வில் வெட்டு. வெட்டின் கீழே ஒரு மங்கு. ஆலையில் உறைந்த பாலை உருளையில் கொடுத்தால், ஒரே அளவுத் தகடுகளாக வரும். அவற்றைக் கழியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகைபோடுவார்கள். இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள், செடிகளின் மட்டம் பிசகாமல் இருக்க மட்டக்கம்பு வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு, ஒரே இடைவெளி, மறுபடி மறுபடி ஒரே வடிவம். இந்த ஒழுங்கைத் தோட்டத்து மக்கள் தங்கள் கைகளால் செய்து பழகியவர்கள்.

வாசலுக்கு வந்தாலும் இதே பாடம் உண்டு. கோலம் போடும் பெண் முதலில் என்ன செய்கிறாள்? சம இடைவெளியில் புள்ளி வைக்கிறாள். எண்ணிக்கை தவறினால் கோலம் கூடாது. அழகு எண்ணிக்கையிலிருந்து பிறக்கிறது என்பதை நம் வீட்டுப் பெண்கள் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டங்களில் மரத்தடியில் ஒரு கல்லையோ செங்கல்லையோ நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முனீஸ்வரன் என்று கும்பிட்டார்கள் நம் முன்னோர். அந்தக் கல்லுக்கு முகம் இல்லை, கை கால் இல்லை. ஆனாலும் அது நின்ற இடம் மாறிவிட்டது. அதைக் கடந்து செல்பவர் செருப்பைக் கழற்றினார். உருவம் இல்லாத ஒரு பொருள் ஓர் இடத்தையே மாற்றிவிட முடியும் என்பது நமக்குத் தெரிந்த உண்மை. இன்று செங்காங்கின் ரிவர்வேல் பகுதியில் வேல்முருகனும் ஞானமுனீஸ்வரரும் கோபுரத்தோடு கூடிய ஆலயத்தில் எழுந்தருளியிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. நம் முன்னோரின் செங்கல்லுக்கு நம்பிக்கை பொருள் கொடுத்தது. ஆண்ட்ரேயின் செங்கல்லோ, “என்னை எதற்கும் அடையாளமாகக் கொள்ளாதே, நான் செங்கல், என்னைப் பார்” என்று சொல்கிறது. இரண்டையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. முகமில்லாப் பொருளைப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு என்று மட்டுமே சொல்கிறோம்.

இந்தக் கலை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரிலும் அதன் தடங்கள் உண்டு. கிம் லிம் என்ற பெண் சிற்பி 1936-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தவர். 1954-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், லண்டனுக்குச் சென்று சிற்பக்கலை பயின்றார். மரத்திலும் உலோகத்திலும் பின்னர் கல்லிலும் மிக எளிய வடிவங்களை ஆக்கினார். 1973-ஆம் ஆண்டில் மரச்சட்டங்களால் அவர் செய்த படைப்புகளுக்கு இடைவெளிகள் என்று பொருள்படும் பெயர் வைத்தார். மரத்தைப் பார்ப்பது போலவே, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தையும் பார்க்கச் சொன்னவர் அவர். 1997-ஆம் ஆண்டில் காலமானார். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2025 பிப்ரவரி வரை அவருடைய படைப்புகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது.

தாங் டா வூ என்பவர் 1943-ஆம் ஆண்டில் பிறந்த சிங்கப்பூர்க் கலைஞர். அவர் செய்தது செங்கல் சிற்பம் அன்று. ஆனால் எண்ணம் நெருங்கியது. செங்காங்குக்குத் தென்மேற்கே உள்ள அங் மோ கியோவில் புதுநகரம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. செடிகொடிகளை நீக்கிய வெற்று மண்ணில் மழைநீர் ஓடி ஆழமான வாய்க்கால்களை அரித்திருந்தது. 1979-ஆம் ஆண்டில் தாங் அந்த வாய்க்கால்களில் துணிகளைத் தொங்கவிட்டார். மழையும் சேறும் துணியில் தம் கறையைப் பதித்தன. கறை படிந்த அந்தத் துணிகளே படைப்பாயின. மலைத்தோட்டத்தில் மண் அரிக்காமல் இருக்கக் கான் வெட்டியவர்களுக்கு அந்தக் கறையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வீடு கட்டுவதற்காக மண் என்ன விலை கொடுக்கிறது என்பதை அந்தத் துணிகள் காட்டின.

2018-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து 2019 ஏப்ரல் வரை, தேசியக் கலைக்கூடத்திலும் மரீனா பே பகுதியின் கலை அறிவியல் அரும்பொருளகத்திலும் மிகைநீக்கிய கலைக்கென ஒரு பெரிய கண்காட்சி நடைபெற்றது. நாம் சற்றுமுன் பேசிய ஜட், ஃபிளாவின் ஆகியோரின் படைப்புகளும் ஆசியக் கலைஞர்களின் படைப்புகளும் அங்கே அருகருகே வைக்கப்பட்டன.

இப்போது, மனத்தில் வைத்திருந்த கேள்விக்குத் திரும்புவோம். கொத்தனாருக்குக் கிடைக்காத பெயர் சிற்பிக்கு ஏன் கிடைக்கிறது?

கையின் திறமைக்காக அன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். செங்கல்லை நேராக வைப்பதில் கொத்தனாரே தேர்ந்தவர். “என் பிள்ளையும் இப்படி அடுக்குவானே” என்று ஒருவர் சொன்னால், அடுக்குவான் என்பதுதான் சரியான பதில். சிற்பிக்குப் பெயர் கிடைத்தது, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று முடிவு செய்ததற்காக. வழக்கமாக நாம் பார்க்காமல் கடந்துபோகும் ஒன்றைப் பார்க்க வைத்ததற்காக. அது ஒரு வேலைதான் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கணக்கு அதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஜட் செய்த பெட்டியின் விளிம்பு கத்திபோல் நேராக இருக்கிறது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அந்த விளிம்பை மடித்தது யார்? பட்டறைத் தொழிலாளி. பெட்டியில் அவருடைய கைத்தடம் ஒரு சிறிதும் தெரியக்கூடாது என்பதே விதி. தடம் தெரியாமல் செய்வதுதான் அவருடைய தேர்ச்சி. அந்தத் தேர்ச்சியே அவரை மறைத்தும்விடுகிறது. கோயில் சிற்பம் செய்த கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. செங்காங்கின் தூண்களுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய கைகளின் பெயரும் அந்தத் தூண்களில் இல்லை. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் உழைப்பால் உயர்ந்தது சிங்கப்பூர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் நண்பர்களோடு உட்கார்ந்து ஊர்ப்பேச்சுப் பேசும் இளைஞர்களில் பலர் அந்தக் கட்டுமானக் கைகளுக்கு உரியவர்கள்.

இந்தக் குறையை உணர்ந்த கலைஞர்களும் உண்டு. கர்நாடகத்தில் பிறந்து பெங்களூரில் வாழும் ஷீலா கௌடா அவர்களில் ஒருவர். இந்தியாவில் சாலை போடும் தொழிலாளர்கள், காலியான தார்ப் பீப்பாய்களை வெட்டித் தட்டையாக்கித் தங்களுக்குக் குடிசை போட்டுக்கொள்வதை நாம் அறிவோம். 2006-ஆம் ஆண்டில் ஷீலா கௌடா அதே தார்ப் பீப்பாய்களையும் தகடுகளையும் கொண்டு ஓர் இருட்டறையை அமைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் தூணும் சுவருமாக ஒரு கோட்டைபோல் எடுப்பாக நிற்கும். உள்ளே செல்லவேண்டுமானால் குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்து மேலே பார்த்தால், கூரையில் இட்ட சிறு துளைகளின் வழியே ஒளிவந்து, விண்மீன்கள் நிறைந்த வானம்போல் தோன்றும்.

இதுவும் ஆலைப் பொருளால் ஆனதுதான். இதிலும் மிகையான அலங்காரம் இல்லை. ஆனால் இந்தத் தகரத்தில் தார் ஒட்டியிருக்கிறது, துரு இருக்கிறது, அதைப் பயன்படுத்திய மனிதரின் நினைவும் இருக்கிறது. ஓட்டைக் கூரையின் கீழ் படுத்து வானத்தைப் பார்த்த எவருக்கும் அந்த இருட்டறை புரியும். அங்கே குனிந்து நுழையும் செல்வரும் ஒரு நொடியாவது சாலைத் தொழிலாளியின் உயரத்துக்குத் தலை தாழ்த்த வேண்டியிருக்கிறது!

ஆகவே, வெறும் பொருளால் ஆன சிற்பத்தைப் பார்க்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. இது யாருடைய கைகளைக் கடந்து இங்கே வந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்வியைச் சிற்பி நமக்குக் கற்றுக்கொடுக்கிறார். இரண்டாவது கேள்வியைக் கலைக்கூடத்துக்குக் கொண்டு செல்லக்கூடியவர்கள் உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள். படித்தவர் பலர் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நாம் மறக்கவேண்டியதில்லை.

இதை வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, அந்தப் பன்னிரண்டையும் செவ்வகமாக எத்தனை விதத்தில் அடுக்கலாம் என்று கேளுங்கள். ஒரே வரிசையாகப் பன்னிரண்டு, இரண்டு வரிசையாக ஆறு, மூன்று வரிசையாக நான்கு. பிறகு பெட்டியைத் திருப்பி வைத்து மறுபடி அடுக்கட்டும். எது பெரிதாகத் தோன்றுகிறது என்று கேளுங்கள். எல்லாம் ஒரே எண்ணிக்கைதான் என்று தெரிந்தும் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தோன்றுவது ஏன்? கணக்கும் கலையும் கைகோக்கும் இடம் அது. ஒன்றைச் சுவரோரம் வைத்து, விளக்கை இடமும் வலமுமாக நகர்த்தி நிழலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாய்ப்பு உள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேசியக் கலைக்கூடத்துக்கே செல்லலாம். செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறி, தோபி காட் நிலையத்தில் மாறினால், அடுத்த நிலையம் நகர மண்டபம், அங்கிருந்து நடந்துவிடலாம். வழியில் லிட்டில் இந்தியா நிலையம் வரும். அங்கேயும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அந்த நிலையத்தின் கலைவேலைப்பாட்டை அமைத்தவர் எஸ். சந்திரசேகரன் என்ற சிங்கப்பூர்த் தமிழ்க் கலைஞர். பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தையும் நகர மண்டபக் கட்டடத்தையும் இணைத்து 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது கலைக்கூடம். வாசலில் நிற்கும் பெரிய தூண்களைக் கண்டு தயங்க வேண்டாம். உள்ளே இருப்பவை மக்கள் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டவை.

அங்கே ஒரு வெறும் பெட்டியோ சட்டமோ வைக்கப்பட்டிருந்தால், உடனே சிரித்துவிட்டு நகராதீர்கள். புரிந்ததுபோல் தலையாட்டவும் வேண்டாம். ஒருமுறை சுற்றி வாருங்கள். கனம் எவ்வளவு இருக்கும் என்று உங்கள் தோள் சொல்லும். எப்படி இணைத்தார்கள் என்று உங்கள் கண் சொல்லும். நேராக இருக்கிறதா, மட்டம் சரியா என்று உங்கள் பழக்கம் சொல்லும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையானால், பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சொல்பவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு.

செங்கல்லும் சிற்பமாகுமா என்ற கேள்விக்கு, ஆகும் என்றும் ஆகாது என்றும் உலகம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. அந்த வாதத்தில் செங்கல் சுமந்தவர்களின் குரலும் கேட்கவேண்டும். அதற்கு அவர்களுடைய பிள்ளைகள் அங்கே போய் நிற்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.